டிராபி ஒயிட்டெய்ல் கிடைக்க உண்மையில் எவ்வளவு வாய்ப்பு?

கேள்வி இதுதான். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் ஒருவர், நவம்பர் இறுதியில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறையை ஒட்டி வரும் ரைபிள் சீசனில் மட்டும் ஆண்டுக்கு நான்கைந்து நாள் மான் வேட்டைக்குப் போகிறார். யார் வேண்டுமானாலும் போகக்கூடிய பொது நிலம். இப்படியே இருபது, முப்பது ஆண்டு போனால் சுவரில் மாட்டும்படியான கொம்புள்ள ஒயிட்டெய்ல் (வெள்ளைவால் மான்) கிடா, அதாவது ஆண் மான், ஒன்றாவது கிடைக்குமா?

சாதனைப் பதிவேட்டில் ஏறும் அளவுக் கிடா என்று பொருள் கொண்டால், கிட்டத்தட்ட இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வயது முதிர்ந்த, பார்ப்பவர் நின்று பார்க்கும் கிடா என்றால் வாய்ப்பு உண்டு. ஆனால் இதைக் கேட்கும் நீங்கள் இப்போது போகும் விதத்தில் அது மிகக் குறைவு. கூட்டுவதற்குப் புது துப்பாக்கியோ விலை உயர்ந்த உடுப்போ தேவையில்லை. எந்த நிலம், எந்த வாரம், எதைச் சுடாமல் விடுகிறீர்கள் என்ற மூன்றும்தான் கணக்கை மாற்றும். வேட்டைத் திறமை இவற்றுக்குப் பிறகுதான் வருகிறது.

(இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை குற்றம். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு மாநிலமும் மான் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க லைசென்ஸ், டேக் எனும் ஒரு மானுக்கான அனுமதிச் சீட்டு, சீசன் என்று விதித்து வேட்டையை நடத்துகிறது. இங்கே பேசுவது அதைப் பற்றி மட்டும்.)

முதலில் ‘டிராபி’ என்பதற்கு அளவு வைத்துக்கொள்ள வேண்டும். தியோடர் ரூஸ்வெல்ட் 1887-ல் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் கிளப் வைத்திருக்கும் முறைதான் வட அமெரிக்கா முழுக்கப் பேச்சில் இருக்கிறது. இரு பக்கமும் ஒழுங்காக அமைந்த டிப்பிக்கல் கொம்புக்கு நிரந்தரப் பதிவேட்டில் இடம் பெற 170 அங்குலம் வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை வெளியாகும் பட்டியலுக்கு 160 போதும். தாறுமாறாகக் கிளைத்த நான்-டிப்பிக்கலுக்கு முறையே 195, 185. வில் வேட்டைக்கென்று தனியாக இருக்கும் போப் அண்ட் யங் கிளப் டிப்பிக்கலுக்கு 125, நான்-டிப்பிக்கலுக்கு 155 கேட்கிறது. துப்பாக்கி போல் பிடித்து விசையை அழுத்தி எய்யும் கிராஸ்போவில் எடுத்த மானைப் போப் அண்ட் யங் ஏற்பதில்லை, பூன் அண்ட் க்ராக்கெட் ஏற்கிறது. உயர வேலிக்குள் அடைத்து வளர்த்த மானை இரண்டுமே ஏற்பதில்லை.

‘150 அங்குல மான்’ என்று கேட்டதும் பலர் கொம்பு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 150 அங்குலம் நீளம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது பல அளவுகளின் கூட்டல். ஒரு பத்து முனைக் கிடாவை எடுத்து அளந்து பார்ப்போம். வலப்பக்க முதன்மைத் தண்டு, வெளி வளைவு வழியாக, 24 அங்குலம். அதில் எழும் கிளைகள் அடியிலிருந்து வரிசையாக 5, 10, 9, 6. தண்டின் சுற்றளவை நான்கு இடங்களில் எடுக்க வேண்டும். அவை கூடி 16. ஆக வலம் 70. இடப்பக்கத் தண்டு 23, கிளைகள் 4, 9, 9, 4, சுற்றளவுகள் அதே 16. ஆக இடம் 65. இரு தண்டுகளுக்கும் நடுவே உள்ளகலம் 18. மொத்தம் 153. இதுதான் கிராஸ் ஸ்கோர். இனி இரு பக்கமும் ஒத்துப்போகாத இடத்தில் எல்லாம் வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும்: தண்டில் 1, முதல் கிளையில் 1, இரண்டாவதில் 1, நான்காவதில் 2. ஐந்து போய் நெட் ஸ்கோர் 148. எங்காவது ஒழுங்குக்குப் புறம்பாக 3 அங்குல முள் ஒன்று முளைத்திருந்தால் டிப்பிக்கல் கணக்கில் அதுவும் போய் 145 ஆகிவிடும். ஒரு அங்குலத்துக்குக் குறைந்த முனை கணக்கிலேயே வராது. கொம்பு சுருங்கும் என்பதால் 60 நாள் சாதாரண அறை வெப்பத்தில் உலர்ந்த பிறகே அதிகாரபூர்வ அளவு. அளவை எட்டில் ஒரு அங்குலம் வரை துல்லியமாக எழுதுவார்கள்.

மேலே சொன்ன 153 அங்குலக் கிடா பெரும்பாலான வேட்டைக்காரர்களின் வாழ்நாள் சாதனையாக இருக்கும். ஆனாலும் நெட் ஸ்கோர் 148 என்பதால் 170-க்கு அது 22 அங்குலம் பின்னால் நிற்கிறது. வட அமெரிக்காவின் பல பகுதிகளில் முழு வளர்ச்சி அடைந்த, ஐந்தாறு வயதான கிடாக்களே சராசரியாக 125 முதல் 140 வரைதான் தருகின்றன. 170 என்பது வயதும் தீனியும் பரம்பரையும் ஒரே மானில் கூடி வருவது. உச்சத்தைப் பார்த்தால் டிப்பிக்கல் உலக சாதனை 1993 நவம்பரில் கனடாவின் சஸ்காட்செவானில் எடுத்த 213 5/8. 2021-ல் இந்தியானாவில் ஒருவர் எடுத்த 211 4/8 அதற்கு மிக அருகில் வந்தது. நான்-டிப்பிக்கலில் வேடிக்கையான ஒரு செய்தி உண்டு. முதலிடத்தில் இருக்கும் மிசூரி மான் (333 7/8) 1981-ல் செயின்ட் லூயிஸ் கவுன்டியில் (மாவட்டம் போன்ற பகுதி) செத்துக் கிடந்தது. இரண்டாமிடத்து ஒஹையோ மான் (328 2/8) 1940-ல் அதேபோல் செத்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. அந்த அளவு மான்கள் இரண்டுமே வேட்டைக்காரர் கண்ணில் படாமல் வாழ்ந்து முடித்திருக்கின்றன.

இனி நாடளாவிய கணக்கு. 2016-ம் ஆண்டு அமெரிக்க அரசின் கணக்கெடுப்பில் மான் வேட்டைக்காரர் சுமார் 81 லட்சம். ஆண்டுக்குச் சுடப்படும் ஒயிட்டெய்ல் கிடாக்கள் ஏறத்தாழ 30 லட்சம். ஆக ஒரு சாதாரண வேட்டைக்காரர் மூன்று ஆண்டுக்கு ஒரு கிடா எடுக்கிறார் என்று வரும். எந்த மானும் எடுக்காமல் சீசனை முடிப்பவர்களே பாதிக்கு மேல். பூன் அண்ட் க்ராக்கெட்டில் ஆண்டுக்குப் பதிவாகும் ஒயிட்டெய்ல் சில நூறுதான். தகுதி இருந்தும் அளந்து அனுப்பாதவர் நிறைய இருப்பார்கள் என்று தாராளமாக 2,000 என்றே வைப்போம். 30 லட்சத்தை 2,000-ஆல் வகுத்தால் சுடப்படும் 1,500 கிடாவுக்கு ஒன்று. முப்பது ஆண்டில் பத்துக் கிடா எடுப்பவருக்கு வாய்ப்பு 150-ல் ஒன்று. இது முழு நாட்டுச் சராசரி. அயோவாவின் சோளக்காட்டையும் பென்சில்வேனியா மலைக்காட்டையும் ஒன்றாகக் கலந்து எடுத்த சராசரி என்பதால், உங்கள் எண் இதைவிடவும் கீழே இருக்கும்.

ஏன் இவ்வளவு குறைவு? கொம்பு வயதைப் பொறுத்தது, வயதைச் சீசன் வெட்டிவிடுகிறது. கிடாவுக்கு முதல் உண்மையான கொம்பு ஒன்றரை வயதில் வருகிறது. அது அதன் முழுத் தகுதியில் கால் பங்கோ சற்று அதிகமோதான். இரண்டரையில் பாதியைத் தாண்டும். மூன்றரையில் முக்கால். ஐந்தரை முதல் ஏழரைக்குள் உச்சம். கொம்பு ஆண்டுதோறும் விழுந்து புதிதாக முளைப்பதால் ஒவ்வோர் ஆண்டும் அந்த மான் உயிரோடு இருந்தாக வேண்டும். ஒன்றரை வயதில் 100 கிடாக்கள் இருப்பதாக வையுங்கள். ஆண்டுக்கு 35 சதவீதம் மட்டும் பிழைக்கும் இடத்தில் ஐந்தரை வயதை எட்டுவது ஒன்றோ இரண்டோ. 50 சதவீதம் பிழைத்தால் ஆறு. 70 சதவீதம் பிழைத்தால் இருபத்து நான்கு. ஆண்டுப் பிழைப்பு இரட்டித்தால் முதிர்ந்த கிடாக்கள் பதினாறு மடங்கு ஆகின்றன. அந்த முதிர்ந்தவற்றில் ஐந்தில் ஒன்று 150 அங்குலத்தைத் தொடும் என்று கணக்குக்காக வைத்தாலும், முதல் இடத்தில் 300 குட்டிக் கிடாவுக்கு ஒன்று, கடைசி இடத்தில் 20-க்கு ஒன்று. வேட்டைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இல்லாத மானைச் சுட முடியாது.

நாடு முழுக்க நிலைமை முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. 1989-ல் சுடப்பட்ட கிடாக்களில் 62 சதவீதம் ஒன்றரை வயதுக் குட்டிகள். இப்போது அது 30-க்கும் கீழே. மூன்றரையும் அதற்கு மேலும் உள்ளவை 40 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டன. பென்சில்வேனியாவில் 2002-ல் வந்த கொம்பு விதி — ஒரு பக்கம் குறைந்தது மூன்று அல்லது நான்கு முனை வேண்டும் என்பது — குட்டிகளைக் காப்பாற்றியது. ஆனால் அந்த விதி இரண்டரை வயதுக் கிடாவைக் காப்பதில்லை. அது முளைத்த எட்டு முனையோடு அடுத்த ஆண்டு உங்கள் முன் வந்து நிற்கும், சட்டப்படி சுடலாம், பலரும் சுட்டுவிடுகிறார்கள். உங்கள் மாநிலத்தின் நிலத்தில் முதிர்ந்த கிடா அரிதாக இருப்பதற்கு அதுதான் பெரிய காரணம்.

அயோவாவை எல்லோரும் ஏன் சொல்கிறார்கள் என்றால் சோளமும் சோயாவும் விளையும் கருமண் மட்டும் காரணம் அல்ல. துப்பாக்கி சீசன் எப்போது வருகிறது என்பது பெரிய காரணம். வடக்கு மாநிலங்களில் இணைசேரும் பருவமான ரட் நவம்பர் நடுவில் உச்சம் பெறுகிறது. பகல் நீளத்தைக் கொண்டு இயற்கை வைத்த நாள்காட்டி என்பதால் வெயில், குளிர் எப்படி இருந்தாலும் அது நகராது. ஆண்டு முழுக்க இரவில் மட்டும் நடமாடும் கிழட்டுக் கிடா அந்த இரண்டு வாரம் பட்டப்பகலில் பெட்டையைத் தேடி அலையும். அயோவாவில் முதல் ஷாட்கன் சீசனே டிசம்பரில்தான். ரட்டின்போது வில் மட்டும். மிச்சிகனில் துப்பாக்கி சீசன் நவம்பர் 15-ல் தொடங்குகிறது, அதாவது சரியாக ரட்டின் நடுவில், லட்சக்கணக்கானவர்கள் காட்டில் இறங்குகிறார்கள். அக்கம்பக்கம் ஒரே மாதிரி மண் இருந்தாலும் இந்த ஒரு தேதி வித்தியாசம் கிடாக்களின் சராசரி வயதையே மாற்றிவிடும்.

அயோவாவுக்கு வெளிமாநிலத்தவர் நினைத்தவுடன் போய்விட முடியாது. கிடா சுடலாம் என்ற டேக் வெளியாருக்கு மொத்தம் 6,000 மட்டும், குலுக்கலில். தெற்குப் பகுதியின் நல்ல மண்டலங்களுக்கு நான்கைந்து ஆண்டு குலுக்கல் முன்னுரிமைப் புள்ளி சேர்க்க வேண்டியிருக்கும். டேக், லைசென்ஸ், ஆண்டுதோறும் புள்ளிக்குக் கட்டும் பணம் எல்லாம் சேர்த்தால் பல நூறு டாலர் ஆகிவிடும். அங்கே போன பின் நிலம் கிடைப்பது அடுத்த சிக்கல், ஏனென்றால் மாநிலத்தில் மூன்று சதவீதம்கூடப் பொது நிலம் இல்லை. டெக்சாஸும் அப்படியே, தனியார் நிலம்தான். விஸ்கான்சினின் பஃபலோ கவுன்டி பதிவேட்டில் நாட்டிலேயே முன்னணியில் இருக்கும் கவுன்டி. அதன் பெயரே ஏக்கர் வாடகையை ஏற்றிவிட்டது.

உங்களுக்கு அருகிலேயே இருப்பது ஒஹையோ. வெளியாருக்கும் குலுக்கல் இல்லை, நேரே வாங்கலாம். ஆண்டுக்கு ஒருவருக்கு ஒரு கிடாதான் என்பதால் உள்ளூர்க்காரர்களும் யோசித்தே சுடுகிறார்கள். வில் சீசன் செப்டம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை நீள்கிறது, கிராஸ்போ செல்லும். துப்பாக்கி வாரம் தேங்க்ஸ்கிவிங்குக்குப் பிறகு, அதிலும் ரைபிள் என்றால் நேர்ச்சுவர்த் தோட்டா (உறை நுனியில் குறுகாதது) போடும் ரைபிள் மட்டும். தென்கிழக்கில் வேய்ன் தேசியக் காடு பொது நிலம். மேட்டு நில விவசாயப் பகுதிகளில் வாசல் தட்டி அனுமதி கேட்டால் சில இடங்களில் இன்னும் கிடைக்கிறது. ஆகஸ்ட்டில், வேலை இல்லாத ஞாயிறு மதியத்தில் போய்க் கேளுங்கள். நவம்பரில் கேட்டால் உங்களுக்கு முன் பத்துப் பேர் கேட்டிருப்பார்கள்.

பென்சில்வேனியாவை விடாமலேயே செய்யக்கூடிய பெரிய மாற்றம் ஒன்று இருக்கிறது. ரைபிள் சீசன் இப்போது தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. அதற்குள் ரட் ஓய்ந்துவிடும். காட்டில் ஒரே நாளில் ஆரஞ்சுச் சட்டை அணிந்த லட்சக்கணக்கான வேட்டைக்காரர்கள். பென் ஸ்டேட் பல்கலைக்கழகமும் மாநில வேட்டை ஆணையமும் 2013 முதல் காலர் மாட்டிக் கண்காணித்த மான்களில் சில, சீசன் தொடங்கியதும் மனிதர் ஏறவே யோசிக்கும் செங்குத்தான சரிவுகளில் போய்ப் படுத்துக்கொண்டதை அந்த ஆய்வு காட்டியது. வில் சீசனோ நவம்பர் நடுப்பகுதி வரை போகிறது. கிராஸ்போவும் 2009 முதல் அதில் செல்லும். நீங்கள் எடுக்கும் ஐந்து நாள் விடுப்பை நவம்பர் 4 முதல் 12-க்குள் வில் சீசனில் போட்டால், வேறெதையும் மாற்றாமலே முதிர்ந்த கிடாவைப் பகலில் பார்க்கும் வாய்ப்பு பல மடங்கு கூடும். அதற்குப் பிந்தைய சில நாட்களில் கிடா ஒரு பெட்டையோடு ஒதுங்கி ஒன்றிரண்டு நாள் அசையாமல் இருக்கும். அப்போது காடே காலியாகிவிட்டது போலிருக்கும், மனம் தளர வேண்டாம். முழு ஆண்டுக்கும் ஒரே கிடா டேக் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அக்டோபரில் குட்டி ஒன்றைச் சுட்டால் ஆட்டம் முடிந்தது.

சுடாமல் விடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள், ஏனென்றால் மானின் வயதைக் கொம்பை வைத்து மதிப்பிடுகிறார்கள். உடலைப் பாருங்கள். ஒன்றரை வயதுக் கிடா கால் நீண்டு, கழுத்து ஒல்லியாக, கொம்பு ஒட்டவைத்த பெட்டை போலிருக்கும். இரண்டரையிலும் கால் நீளமாகவே தெரியும், இடுப்பு ஒடுங்கியிருக்கும். மூன்றரையில் மார்பு இடுப்பைவிட ஆழமாகி, ரட்டில் கழுத்து வீங்கும், ஆனால் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் கோடு தெளிவாக இருக்கும். பந்தயக் குதிரை மாதிரி அழகாகத் தெரிவது இந்த வயதுதான், பலரும் சுட்டுவிடுவதும் இதையே. நான்கரைக்கு மேல் அந்தக் கோடு மறைந்து, கழுத்து நேராக மார்புக்குள் இறங்கும்; கால் குட்டையாகத் தெரியும். ஐந்தரைக்குப் பிறகு வயிறு தொங்கி முதுகு சற்றுக் குழியும், தாடைக்குக் கீழ்த் தோல் தளரும். இது அக்டோபர் நடுப்பகுதி முதல் நவம்பர் வரைக்கான அளவுகோல். செப்டம்பரில் கழுத்து வீங்கியிருக்காது, எல்லா மானும் ஒரு வயது இளமையாகத் தெரியும்.

கொம்பை மதிப்பிட மானின் முகத்திலேயே அளவுகோல் இருக்கிறது. எச்சரிக்கையாக முன்னே விரித்த இரு காது நுனிகளுக்கு நடுவே சுமார் 16 அங்குலம். கொம்பு காதைத் தாண்டி இரு பக்கமும் ஒவ்வோர் அங்குலம் வெளியே வந்தால் 18. காது நீளம் ஆறு, ஏழு அங்குலம். கிளை காதைவிட நீளமா என்று பாருங்கள். கண்ணின் சுற்றளவு நான்கு அங்குலத்தை ஒட்டியிருக்கும், கொம்பின் அடித்தண்டு அதைவிடத் தடிமனா என்று பாருங்கள். அகலம் எல்லோர் கண்ணையும் கட்டிவிடுகிறது. ஆனால் மேலே கூட்டிய கணக்கில் 153-ல் அகலத்தின் பங்கு 18 மட்டும். கிளைகளின் உயரமும் தண்டின் நீளமுமே ஸ்கோரைத் தருகின்றன. குறுகிய, உயரமான கொம்பைக் குறைத்து மதிப்பிடுவது வழக்கமான தவறு.

இடம், நாள், வயது சரியானால் மீதி காற்று, ஏனென்றால் அதுதான் உங்கள் வாடையை மானிடம் கொண்டுபோகிறது. எண்பது சதவீதம் பேர் காற்று வீசும் திசையைப் பார்த்து மரத்தில் உட்காரும் பரணைத் தேர்ந்தெடுப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள் என்று தோன்றுகிறது. பரணுக்குப் போகும் வழி, திரும்பும் வழி இரண்டையும் பார்ப்பவர் குறைவு. மலைப்பகுதியில் காலையில் வெயில் ஏறியதும் காற்று சரிவில் மேலே போகும், மாலையில் குளிர்ந்து கீழே இறங்கும். வானிலைச் செயலி வடமேற்குக் காற்று என்று சொல்லியிருக்கும், நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஓடையோரத்தில் மாலை ஐந்து மணிக்கு அது பள்ளத்தை நோக்கி வடிந்துகொண்டிருக்கும். மில்க்வீட் (எருக்கு வகைச் செடி) விதைப் பஞ்சு ஒன்றைக் கையிலிருந்து விட்டுப் பாருங்கள், அறுபது, எழுபது கெஜம் வரை அது போகும் வழி கண்ணில் தெரியும். முதிர்ந்த கிடா படுக்கைக்குத் திரும்பும்போது காற்று எதிரில் வரும் பக்கமாகவே வட்டமிட்டு மோந்து பார்க்கும். ஒரே பரணில் தொடர்ந்து உட்கார்ந்தால் மூன்றாவது நாளுக்குள் அந்த வட்டாரம் முழுக்கச் செய்தி பரவிவிடும். முதல் நாள் உட்காருவதுதான் அந்த இடத்தின் மிகச் சிறந்த நாள். ஆகவே நான்கைந்து இடங்களைத் தயார் செய்து, காற்றும் தேதியும் பொருந்தும் நாளுக்கு ஒவ்வொன்றையும் சேமித்து வைக்க வேண்டும்.

விலங்கு கடக்கும்போது தானே படமெடுக்கும் டிரெயில் கேமரா மான் இருப்பதைச் சொல்லும். கிடாவின் நடமாட்ட எல்லை சாதாரணமாக ஒரு சதுர மைல், 640 ஏக்கர் அளவுக்கு இருக்கும். கேமரா பார்ப்பது அதில் ஒரு பாதையின் பத்து அடி. இரவு இரண்டு மணிப் படங்கள் பத்து இருந்தாலும் அது அங்கே படுக்கவில்லை என்றே அர்த்தம். விடிவதற்கு அரைமணிக்குள்ளோ இருட்டியதும் உடனேயோ எடுத்த ஒரு படம்தான் வேலைக்கு ஆகும். செல்போனுக்கு உடனே படம் அனுப்பும் கேமராவைப் பார்த்துவிட்டு அப்போதே அந்த மானை நோக்கிப் போவது பதிவேட்டு விதிகளுக்குப் புறம்பு, சில மாநிலங்களில் சட்டத்துக்கும் புறம்பு.

பரணில் இருப்பவருக்கு ஒரே ஒரு அவசர அறிவுரை. தரையிலிருந்து கால் எடுத்து வைக்கும்போதே முழு உடல் ஹார்னஸை (விழாமல் தாங்கும் பட்டை) கயிற்றோடு இணைத்துவிடுங்கள். விழுவது பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். வேட்டையில் துப்பாக்கியைவிட ஆபத்தானது பரணிலிருந்து விழுவது.

வாய்ப்பு வந்த பின்னும் தவறுவதற்குப் பெயர் பெற்றது இந்த வேட்டை. வில்லில் அம்பு விநாடிக்கு 280 அடி போகிறது. ஒலி 1,100 அடி. 30 கெஜத்தில், அதாவது 90 அடியில், ஒலி மானை 0.08 விநாடியில் எட்டிவிடும், அம்பு வர 0.32 விநாடி ஆகும். அந்தக் கால் விநாடியில் விழிப்பாக நிற்கும் மான் பாய்வதற்காகக் காலை மடக்கி உடலைத் தாழ்த்தும், அம்பு முதுகுக்கு மேலே போகும். எனவே மார்பின் நடுவைவிடக் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறி வைக்க வேண்டும். தலையை உயர்த்தி உங்களையே பார்க்கும் மானை 20 கெஜத்துக்கு அப்பால் எய்ய வேண்டாம். பக்கவாட்டில் அல்லது சற்று விலகித் திரும்பி நிற்கும்போது மட்டும் எய்யுங்கள். அம்பைப் பாருங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், அரை மணி நேரம் பொறுத்துப் போகலாம். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல், நான்கு முதல் ஆறு மணி நேரம் விட வேண்டும். பச்சையும் நாற்றமும் என்றால் குடல், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான். அவசரப்பட்டு எழுப்பினால் ஒரு மைல் தாண்டிப் போய் விழும், கிடைக்காது. வாழ்நாள் கிடாக்கள் பல இப்படித்தான் தொலைகின்றன.

இத்தனையும் சேர்ந்தால் உங்கள் எண் என்ன ஆகும்? ஒரு சீசனில் வாய்ப்பு 0.2 சதவீதம் என்றால் இருபது ஆண்டில் 4 சதவீதம். ஒரு சதவீதம் ஆனால் 18. ஐந்து சதவீதம் ஆனால் 64. பத்து சதவீதம் ஆனால் 88. என் மதிப்பீட்டில், ரைபிள் சீசனின் முதல் நான்கு நாள் மட்டும் பொது நிலத்தில் நிற்பவருக்கு 140 அங்குலம், அதற்கு மேல் என்ற இலக்கு இதில் முதல் நிலையில் (0.2 சதவீதம்) இருக்கிறது. நவம்பர் முதல் பாதியில் வில்லோடு, மூன்றரை வயதுக்குக் கீழ் எதையும் தொடாமல், ஒஹையோவில் ஒரு நல்ல தனியார் நிலத்தில் அனுமதியோடு இருப்பவர் மூன்றாவது நிலையை (ஐந்து சதவீதம்) எட்டலாம். 170 என்று இலக்கு வைத்தால் அவரும் முதல் நிலைக்கே திரும்பிவிடுவார். எனவே வயதை இலக்காக வையுங்கள். நான்கரை வயதுக் கிடா 125-ஐத் தந்தாலும் அதை எடுத்தவர் அந்த வட்டாரத்தில் மிகச் சிலரில் ஒருவர்.

பணம் கொடுத்து அவுட்ஃபிட்டர் (வேட்டைப் பயணம் நடத்தித் தருபவர்) வழியாகப் போகிறவர்கள் ‘வெற்றி விகிதம்’ என்ற சொல்லை நம்பிவிட வேண்டாம். வாய்ப்புக் கிடைத்தவரா, மான் எடுத்தவரா என்று கேளுங்கள். இரண்டும் வேறு. எடுத்தவற்றின் சராசரி கிராஸ் ஸ்கோர், குறைந்தபட்ச அளவு, தவறிச் சிறியதைச் சுட்டால் அபராதம் உண்டா, ஒரு பரணில் வாரத்துக்கு எத்தனை பேரை உட்கார வைக்கிறார்கள், நிலம் எத்தனை ஏக்கர், சுற்றி வேலி இருக்கிறதா — இவ்வளவும் கேட்டபின் முன்பணம். கடந்த ஆண்டு வந்து வெறுங்கையோடு போன ஒருவரிடம் பேச வேண்டும் என்று கேட்டால் நல்லவர் கொடுப்பார்.

கடைசியாக, கோடையின் முடிவில் ஈ கடியால் பரவும் ஈ.எச்.டி. நோய் ஒரு கவுன்டியின் மான்களை ஒரே ஆண்டில் வீழ்த்திவிடும். 2012-ல் மத்திய மேற்கு முழுக்க அப்படி நடந்தது. எனவே குலுக்கலில் விண்ணப்பிக்கும் முன் முந்தைய இரண்டு ஆண்டுச் செய்தியைப் பாருங்கள். சி.டபிள்யூ.டி. நோய் மூளையைத் தாக்கி மெதுவாகக் கொல்லும்; அது பரவிய இடங்களில் முதிர்ந்த கிடாக்களில்தான் தொற்று அதிகம். அதனால் ஒஹையோவில் எடுத்த மானின் தலையை அப்படியே பென்சில்வேனியாவுக்குக் கொண்டுவர முடியாது. மூளையும் தண்டுவடமும் எல்லையைத் தாண்டக் கூடாது. கொம்போடு சேர்ந்த மண்டையோட்டுத் தட்டை அங்கேயே அறுத்து, திசு ஒட்டாமல் சுத்தம் செய்து, எலும்பு நீக்கிய இறைச்சியையும் உரித்த தோலையும் மட்டும் எடுத்து வாருங்கள். சுவரில் மாட்டத் தோள் வரை தோல் வேண்டும் என்றால் முன்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி வெட்டுங்கள், தொண்டையில் கத்தி வைக்க வேண்டாம். புறப்படும் முன் இரண்டு மாநிலத்தின் அந்த ஆண்டு விதிகளையும் படித்துவிடுங்கள், ஆண்டுதோறும் மாறுகின்றன.